வெயிலுகந்தா மண்ணு வாரின கதை

முன்ன முன்ன ஒரு காலத்துல, தேரிக்காட்டுல செம்மண்ணு இன்னைக்கு ஒரு மேடா, நாளைக்கு ஒரு மேடா எடம் மாறிக்கிட்டுக் கெடந்த காலத்துல, கருக்குவிளை கருக்குவிளைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். வேற எந்த ஊரும் இல்ல, நம்ம ஊருதான். அப்பம் மொத்தமே நாப்பது வீடு. நாப்பதும் மண்சுவரு, ஓலைக்கூரை. அந்த ஊர்ல வெயிலுகந்தா வெயிலுகந்தான்னு ஒரு பொம்பள இருந்தாளாம். நம்ம வம்சத்துல அஞ்சு தலைமுறைக்கு முந்துன ஆத்தா அவதான்.

அவளுக்கு ஒரு புருசன். பேரு சீனியாண்டி. நல்ல பனையேறி. எளவட்டத்துலயே பனையில இருந்து விழுந்து எடது காலு மடங்கிப் போச்சு. அதுல இருந்து மரம் ஏறுனது இல்ல. ஓலை கிழிச்சு, கடவக் கூடை முடைஞ்சு, சந்தையில வித்துட்டு வருவாராம்.

அவளுக்கு ஒரு தம்பி. பேரு சுயம்பு. தம்பி பொண்டாட்டி ராசகனி, புள்ளையளும் உண்டு. அக்கா வீடு தெக்குத் தெருவுல, தம்பி வீடு வடக்குத் தெருவுல.

பங்குனி பொறந்துட்டா என்ன ஆவும்? பாதி ஊரு காலி. பதனி எறங்குத காலம் இல்லயா? பொண்டாட்டி புள்ள, ஆடு கோழி, சட்டி பானை எல்லாத்தையும் கட்டிக்கிட்டு, பனங்காடா கெடக்குத தேரிக்குள்ள போயிருவாவ. அங்கன விடிலின்னு ஓலைக்குடிசை போட்டு, பதனி காய்ச்சி, கருப்பட்டி ஊத்துவாவ. திரும்ப வாறது ஆவணியிலதான். அதுமட்டும் வீடு பூட்டிக் கெடக்கும். சாவிய ஊர்ல தங்குத சொந்தக்காரவ கையில குடுத்துட்டுப் போவாவ.

அந்த வருசம் சுயம்பும் அக்காகிட்டச் சாவியக் கொண்டாந்து குடுத்தானாம்.

“அக்கா, வெள்ளிக்கு வெள்ளி தூத்துப் பெருக்கி வெளக்கு வச்சிரு.”

“வைக்கேன்லே. பெட்டியில என்ன வச்சிருக்க?”

“என்ன இருக்கு? ரெண்டு வேட்டி, அம்மையோட பாம்படம். அம்புட்டுதான்.”

பாம்படம் தெரியும்லா? அந்தக் காலத்துப் பொம்பளையள் காதுல தொங்கவிட்ட தங்கம். அம்மக்காரி சாவும்போது, “ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிடுங்க”ன்னுதான் சொல்லிட்டுச் செத்தாளாம். ஆனா ரெண்டும் தம்பி வீட்டுப் பெட்டியிலயே கெடந்துச்சு. பெட்டிச் சாவி அவன் அரைஞாண் கயித்துல கெடந்துச்சு. வெயிலுகந்தா ஒரு நாளும் கேட்டதில்ல. சீனியாண்டிதான் அப்பப்ப, “அதுல ஒண்ணு ஒனக்குள்ளது புள்ள”ன்னு முணுமுணுப்பாராம்.

பங்குனி போச்சு. சித்திரை வந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வெயிலுகந்தா தொறப்பையும் கையுமா தம்பி வீட்டுக்குப் போனாளாம். பூட்டு பூட்டுன மேனிக்குத்தான் கெடந்துச்சு. தொறந்தா. உள்ள காலு வச்சா. இருட்டா கெடக்க வேண்டிய வீட்டுக்குள்ள வெளிச்சம். நடுத்தரையில பாய் விரிச்சாப்புல வெயிலு.

அண்ணாந்து பாத்தா. மோட்டுல ஓலையப் பிரிச்சிருக்கு. ஒரு ஆளு எறங்குத அளவுக்குப் பிரிச்சிருக்கு. கீழ பாத்தா. பெட்டிப் பூட்டுக் கல்லால நசுங்கிக் கெடக்கு. பெட்டி வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கு. வேட்டியக் காணும். மூலையில இருந்த வெண்கலப் பானையக் காணும். பாம்படத்தையும் காணும்.

வேற யாரா இருந்தாலும் வாயில வயித்துல அடிச்சுக்கிட்டு ஊரக் கூட்டியிருப்பாவ. வெயிலுகந்தா கூட்டலயாம். தொறப்பையக் கீழ போட்டுட்டு, நின்ன எடத்துல நின்னாளாம். ஏன்னா, அவளுக்கு ஒரு ஓர்மை வந்துட்டு. என்ன ஓர்மை? சீனியாண்டியோட ரெண்டு கை.

முந்துன நாள்தான் அவரு குளிக்கும்போது பாத்தா. ரெண்டு கையிலயும் உள்பக்கமா வரி வரியா கீறலு. நெஞ்சுலயும் கீறலு. “என்னதுங்க இது?”ன்னு கேட்டதுக்கு, “ஓலை கிழிக்கும்போது பட்டுச்சு”ன்னாராம். ஓலை கிழிச்சா வெரல்ல படும். நெஞ்சுல எப்படிப் படும்? அதோட பத்து நாளா விடியக்காலம் எந்திச்சுப் போறாரு, வெயிலு ஏறித்தான் வாறாரு. “எங்க போனிய?”ன்னா தரையப் பாக்காரு.

‘காலுதான இழுக்குது, கையில பலம் இருக்குல்லா? பனையேறுன ஆளுக்குக் கூரை ஒரு ஒயரமா? சாவி நம்ம வீட்டு ஆணியிலதான் தொங்குது. சாவி போட்டுத் தொறந்தா நம்ம மேல வருமுன்னு கூரையப் பிரிச்சிருப்பாரோ? ஒண்ணு ஒனக்குள்ளது, ஒண்ணு ஒனக்குள்ளதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே.’

நெனைக்கக் கூடாதுன்னு நெனைச்சா. நெனைப்பு விடல.

வீட்டப் பூட்டுனா. வந்தா. சோறு போட்டா. அவரு சாப்பிடுததப் பாத்தா. கையப் பாத்தா. மொகத்தப் பாத்தா. அவரு தண்ணிக்குப் போன சமயம், கடவத்தக் கவுத்துப் பாத்தா. பாயச் சுருட்டிப் பாத்தா. அரிசிப் பானைக்குள்ள கைய விட்டுத் துழாவிப் பாத்தா. ஒண்ணுமில்ல. அன்னைக்குப் பொழுது போயி, விடியுதமட்டும் தம்பிக்கு ஆளும் அனுப்பல, தானும் போவல.

மறுநா விடிஞ்சதும், சுடு மண்ணுல காலு புதையப் புதைய அவளே தேரிக்குப் போனாளாம். விடிலியில ராசகனி பதனி காய்ச்சிக்கிட்டு இருக்கா. சுயம்பு அப்பந்தான் மரத்த விட்டு எறங்கி உக்காந்திருக்கான்.

“தம்பி, வீட்டுல களவு போயிட்டுலே. கூரையப் பிரிச்சு எறங்கியிருக்கான். பெட்டிய ஒடச்சிருக்கான்.”

கேட்டதும் ராசகனி அகப்பையப் போட்டுட்டு, “ஐயோ, பாம்படம் போச்சே!”ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. சுயம்பு என்ன கேட்டான் தெரியுமா?

“பெட்டியில ஒண்ணுமே இல்லயாக்கா? நல்லாப் பாத்தியா?”

“ஒண்ணுமே இல்லலே.”

“சரி”ன்னான். ஓலைப் பட்டை நெறைய பதனிய ஊத்துனான். அம்புட்டையும் ஒரே மூச்சுல குடிச்சான்.

வெயிலுகந்தா அதப் பாத்தா. ‘அம்மையோட தங்கம் போயிருக்கு. இவனுக்குத் தொண்டையில எப்படி எறங்குது?’ன்னு ஒரு நெனைப்பு வந்துச்சு. ஆனா புருசன் நெனைப்பு அதவிடப் பெருசா நின்னுச்சு. அதனால அத அப்படியே விட்டுட்டா.

மூணு பேரும் ஊருக்கு வந்தாவ. ராசகனி கூரையப் பாத்தா, பெட்டியப் பாத்தா, நாத்தனாரப் பாத்தா.

“மதினி, எப்பம் பாத்திய?”

“நேத்து மத்தியானம்.”

“நேத்து மத்தியானம் பாத்துட்டு இன்னைக்கு வந்து சொல்லுதியளே. ஒரு நா முழுக்க என்ன செஞ்சிய?”

வெயிலுகந்தாவால பதில் சொல்ல முடியல. எப்படிச் சொல்லுவா? எம்புருசன் மேல எனக்குச் சந்தேகம், அதான் பேசாம இருந்தேன்னா சொல்லுவா?

பதில் வராதது போதாதா? ஊருக்குள்ள புகைஞ்சுட்டு. அவ கெணத்துக்குப் போனா பொம்பளையள் பேச்ச நிறுத்துவாவளாம். அவ தண்ணி எடுத்துட்டு நாலடி வந்ததும் மறுபடி பேசுவாவளாம். யாரோ சீனியாண்டி கையப் பாத்துட்டாவ. அடுத்த வீட்டுக்காரி தன் கோழிய எண்ணி அடைச்சாளாம். அவளுக்குக் கேக்கணுமுன்னே சத்தமா எண்ணுனாளாம்.

மூணாம் நாளு, சாஸ்தா கோயிலு முன்னால ஊரு கூடிட்டு. ஊருக்குப் பெரியவரு தவசிமுத்து. அவரு கேட்டாராம்.

“சீனியாண்டி, கையில என்ன காயம்?”

சீனியாண்டி தரையப் பாத்தாரு.

“நெஞ்சுல என்ன காயம்?”

தரையத்தான் பாத்தாரு. கூட்டத்துல ஒருத்தன், “கேக்கவே வேண்டாம், கூரைக் கம்பு கிழிச்ச காயம்தான்”ன்னான். எல்லாரும் ஆமா ஆமான்னாவ.

வெயிலுகந்தா எந்திச்சா. மூணு நாளா நெஞ்சுக்குள்ள வச்சிருந்தத அம்புட்டு பேரு முன்னால கேட்டுட்டாளாம்.

“சொல்லுங்க. களவாண்டிருந்தாலும் சொல்லுங்க. ஒங்க கூட நானும் தல குனிஞ்சுக்கிடுதேன். சொல்லாம மட்டும் இருக்காதிய.”

அப்பந்தான் அவரு வாயத் தொறந்தாராம்.

“கொளத்தங்கரையில ஒரு கட்டைப்பனை நிக்குல்லா, அதுல ஏறுனேன். ஆம்பளையள் எல்லாம் தேரிக்குப் போயிட்டாவ. நான் மட்டும் பொம்பளையளோட ஊர்ல கெடக்கேன். ஒத்தக் காலு வச்சு ஏற முடியுதான்னு பாத்தேன். பனையேறி நெஞ்சுல கட்டுத தோலு கட்டாம மரத்தக் கட்டிப் பிடிச்சு ஏறுனேன், அதான் கீறிட்டு. விழுந்தா சிரிப்பாவன்னு யாருட்டயும் சொல்லல. பாளை சீவிக் கலயம் கட்டியிருக்கேன். போயிப் பாருங்க.”

ரெண்டு பேரு ஓடுனாவ. கொஞ்ச நேரத்துல ஒரு கலயத்தோட வந்தாவ. பாதிக் கலயம் பதனி. சுண்ணாம்பு தடவி, முறையா எறக்குன பதனி. கலயத்தப் பெரியவரு முன்னால வச்சாவ.

வெயிலுகந்தா கலயத்தப் பாத்தா. புருசனப் பாத்தா. கண்ணு நெறைஞ்சுட்டு. அந்த நெனைப்புப் போனதும், அது மறைச்சு வச்சிருந்த இன்னொரு நெனைப்பு முன்னால வந்து நின்னுச்சு. எந்த நெனைப்பு? தேரியில தம்பி ஒரே மூச்சுல பதனி குடிச்ச நெனைப்பு.

கோயிலு முத்தத்துல இருந்து மூணு கை மண்ணு அள்ளி முந்தியில போட்டாளாம்.

“பெரியவரே, எங்க மேல பழி விழுந்துட்டு. நான் மண்ணு தூத்தப் போறேன். வேட்டி போவட்டும், வெண்கலப் பானை போவட்டும். அதுக்கு நான் தூத்தல. எங்கம்மையோட பாம்படத்த எவன் எடுத்தானோ, அவன் குடி வெளங்காமப் போவணும். அவன் வீட்டுல அடுப்பு…”

மண்ணு தூத்திச் சாபம் விட்டா அந்தக் காலத்துல பலிக்குமுன்னு பயம். அவ கைய ஓங்குனா. ஓங்குன கைய ஒருத்தன் ஓடி வந்து பிடிச்சான். யாரு பிடிச்சா? சுயம்பு பிடிச்சான்.

“அக்கா, வேண்டாம்க்கா! தூத்தாதக்கா!”

“ஏம்லே? களவு போனது ஒன் வீட்டுல. கள்ளன் மேல மண்ணு தூத்துனா ஒனக்கு ஏம்லே பொறுக்கல?”

“வேண்டாம்க்கா.”

“கைய விடுலே.”

“வேண்டாம்க்கா, எம்புள்ளையள் நல்லா இருக்கணும்க்கா!”

ஊரே கேட்டுட்டு. அவன் மண்ணுல உக்காந்துட்டான். மாசி மாசமே பாம்படம் ரெண்டையும் வித்துட்டானாம். சேவக்கட்டுப் பந்தயத்துல விட்டுட்டானாம். பொண்டாட்டிக்கும் தெரியாது. ஆவணியில பெட்டியத் தொறக்கும்போது என்ன சொல்லன்னு தெரியாம கெடந்தானாம்.

“கள்ளன் வந்தான்னு நீ சொன்னதும், எனக்குச் சாமி வந்த மாதிரி இருந்துச்சுக்கா. ஒன்னயும் அத்தானையும் இழுப்பாவன்னு நான் நெனைக்கவே இல்லக்கா.”

“நெனைச்சே”ன்னாளாம் வெயிலுகந்தா. “நெனைச்சுட்டுத்தான் மூணு நாளும் பேசாம இருந்தே.”

முந்தியில இருந்த மண்ண எந்தத் தலையிலயும் தூத்தல. எடுத்த எடத்துலயே கொட்டிட்டு, புருசனக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாளாம். ராசகனி பின்னாலயே ஓடி வந்து, “மதினி, நானும் ஒங்களத்தான் நெனைச்சேன், மன்னிச்சுக்கிடுங்க”ன்னு கையப் பிடிச்சு அழுதாளாம்.

வீட்டுக்குப் போயி வெயிலுகந்தா புருசன்கிட்டச் சொன்னாளாம். “நானும் ஒங்களச் சந்தேகப்பட்டேன்.”

“தெரியும்”னாராம் சீனியாண்டி. “அன்னைக்கு நீ சோறு போட்டுட்டு என் கையவே பாத்தியே, அப்பமே தெரியும்.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்திய?”

“ஒத்தக் காலோட பனையேறப் பாத்தது வெளிய சொல்லுத மாதிரி காரியமா?”

அவ கொஞ்ச நேரம் அழுதா. பெறவு எந்திச்சு, அவரு எறக்குன பதனிய அடுப்புல வச்சுக் காய்ச்சுனாளாம். ஒத்தக் கருப்பட்டி தேறுச்சாம். அத ரெண்டா ஒடச்சுத் தின்னாவளாம்.

வருசம் ஒண்ணு போச்சு. மறுபடியும் பங்குனி. சுயம்பு சாவியக் கையில வச்சுக்கிட்டு அக்கா வீட்டு வாசல்ல வந்து நின்னானாம். உள்ள வரவும் தைரியமில்ல, திரும்பிப் போவவும் மனசில்ல. ‘வாங்கவா போறா, தலையில எறிவா’ன்னு தெருவே எட்டிப் பாத்துச்சாம்.

வெயிலுகந்தா வெளிய வந்தா. “நட, ஒன் வீட்டுக்கு”ன்னா. தெருவுல நின்ன நாலு பேரையும் வாங்கன்னு கூட்டிக்கிட்டா.

“பெட்டியத் தொற”ன்னா. தொறந்தான்.

“ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டு”ன்னா. காட்டுனான். ஒரு பழைய சேலை, ரெண்டு வேட்டி, ஒரு வெத்தலைச் செல்லம். அம்புட்டுதான்.

“எல்லாரும் பாத்துக்கிட்டியளா? சரி, இப்பம் பூட்டு. சாவியக் கொண்டா”ன்னு கைய நீட்டி வாங்குனாளாம்.

அந்தத் தெருவே அன்னைக்கு அத ஏத்துக்கிட்டுச்சு. மறுவருசம் ஊரே ஏத்துக்கிட்டுச்சு. அதான் இன்னைக்கும் நம்ம ஊர்ல ‘பெட்டி காட்டுறது’ன்னு சொல்லுதோம். இப்பம் தேரிக்கு யாரு போறா? திருப்பூருக்குப் போறாவ, சென்னைக்குப் போறாவ. பெட்டி போயி பீரோ வந்துட்டு. ஆனாலும் வீட்டச் சொந்தக்காரவகிட்ட விட்டுட்டுப் போறவ, நாலு பேர நிறுத்தி பீரோவத் தொறந்து காட்டிட்டுத்தான் போவாவ. கூடப்பொறந்தவளா இருந்தாலும் காட்டணும். பெத்த மகனா இருந்தாலும் காட்டணும். அதுக்கு யாரும் கோவப்படுதது இல்ல.

ஆமா, அந்த வெண்கலப் பானையத் தூக்கிட்டுப் போன கள்ளன் யாருன்னு கேப்பிய. அது இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவன யாரும் தேடவும் இல்லயாம். கருக்குவிளைக்காரவ மறக்காம வச்சிருக்கது மத்ததத்தான். தொறந்து காட்டாத பெட்டிக்கு, இந்த ஊர்ல ஒருத்தரும் சாவி வாங்க மாட்டாவ.