பவுண்டும் கிலோவும் என் வீட்டுக்காரரும்

கணக்கு என்றாலே என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆகாது, சார். மருத்துவ உதவியாளர் படிப்புக்கு வருகிறவர்கள் வெள்ளைக் கோட்டை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மருந்தின் அளவை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும் என்று முதல் வகுப்பில் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் செத்துவிடும். பக்கவிளைவு என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டேன். பக்கத்தில் படுத்திருக்கிறவருக்கு வருவது என்று ஒருத்தன் எழுதியிருந்தான். அவனும் இன்றைக்கு எங்கேயோ ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

சில மருந்துகளை உடம்பின் எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று டாக்டர் எழுதுவார். யாராவது எடையைப் பவுண்டில் சொன்னால் முதலில் அதைக் கிலோவாக்கணும். ஆக்காமல் பெருக்கினால் மருந்து இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். இதை நான் கரடியாகக் கத்தியும் ஒருத்தியின் மண்டையில் மட்டும் ஏறவில்லை. வகுப்பில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். தங்கமான பெண். ஆனால் எண்ணைக் கண்டால் பெருக்கிவிடுவாள், அது எதன் எண் என்று பார்க்க மாட்டாள். ஒவ்வொரு பரீட்சையிலும் அதே தப்பு. பாவம் போனால் போகிறது என்று பாஸ் போட்டுவிட்டேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை. எங்கள் தெருமுனை கிளினிக்கிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல மாட்டேன், செத்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும், "இவதான் எங்க கம்பவுண்டரம்மா" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரித்துவைப்பேன். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர் முடிப்பார், அதுவும் தப்பாக முடிப்பார். இதெல்லாம் எந்த வீட்டில் இல்லை? அவர் கால் நரம்பில் இரத்தம் உறைந்து கட்டிக்கொண்டது. அந்த வாரமே என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் பிரின்சிபாலுக்குப் போன் போட்டு, மாசக் கடைசியோடு நான் நின்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"பாடம் எடுத்துக் கிழிச்சது போதும். வீட்டுல இருந்து என் காலைப் பாரு," என்றார்.

எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, சார். அந்த வகுப்பறையை விட்டால் எனக்கென்று ஒன்றும் கிடையாது.

மேலும் இரத்தம் உறையாமல் இருக்க அந்தத் தெருமுனை கிளினிக்கில் காலையும் மாலையும் ஊசி. டாக்டர் கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். கால் வலிக்கிறது, மெஷினில் ஏற மாட்டேன் என்று இவர் அடம்பிடித்தார். அவசரக்குடுக்கை எடையை என்னிடம் கேட்டாள். எங்கள் வீட்டு மெஷின் கிலோவும் காட்டும், பவுண்டும் காட்டும். அன்றைக்கு என் வாயில் பவுண்டுதான் வந்தது. பவுண்டு என்று தெளிவாகவே சொன்னேன், அதில் ஒளிவுமறைவு இல்லை.

பெருக்கினாள். மருந்து நிரப்பியே வரும் ஊசி ஒன்றைப் பிரித்தாள், பிறகு தயங்கி நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு பத்தல. ரெண்டாவதும் பிரிக்கணும் போல இருக்கு. இவ்வளவா வரும்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு ஊசியில் அடங்கவில்லை என்றால் நின்று கணக்கை மறுபடி பார் என்பது என் பாடம். சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லையே என்று கண்ணே கலங்கிவிட்டது.

"உன் கணக்கு என்ன சொல்லுதோ அதைப் போடும்மா," என்றேன்.

"அவகிட்ட ஏம்மா கேக்குற, அவளுக்கே வராது. சீக்கிரம் போடு," என்றார் இவர். கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கணும் அவருக்கு.

அன்று மாலையும் அதே அளவு. மறுநாளும் அதே. ஒவ்வொரு தடவையும் நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன், மனைவி என்றால் அதுதானே கடமை. பல் ஈறில் இரத்தம் வந்தது. அழுத்தித் தேய்த்திருப்பீர்கள் என்றேன். மூக்கில் வந்தது. சூடு என்று சொல்லி மோர் கொடுத்தேன். தலைவலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பெண்ணைக் கைது செய்தீர்கள். நான் சொன்னதை அவள் உங்களிடம் சொல்லவே இல்லையாம், டீச்சர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அழுதாளாம். கேட்டபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. சின்ன வயசு, சில வருஷத்தில் வெளியே வந்துவிடுவாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, நான் நிற்கப்போவதில்லை என்று பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்வந்தேன்.

இந்தச் சாவைப் பற்றி அரசாங்கம் போட்ட விசாரணைக் குழு நேற்று அறிக்கை கொடுத்தது. எடையைக் கிலோவாக்கும் பாடத்தை எங்கள் நிறுவனத்தில் யாரும் முறையாக நடத்தவில்லையாம். அதைப் படித்துவிட்டு பிரின்சிபால் என் வகுப்பை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார். அதனால்தான் வந்திருக்கிறேன்.

நான்தான் கொன்றேன், சார். தெரிந்தே கொன்றேன். அந்தப் பெண்ணை விடுவதும் வைப்பதும் உங்கள் இஷ்டம். நான் பாடம் நடத்தவில்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.