வலி நின்ற இரவு

"விளக்க அணைங்கய்யா! அடுப்ப அணை! வெளிச்சம் தெரியுது!"

நகராட்சிச் சங்கு ஊதுகிறது. நீண்டு, அறுந்து, மறுபடி நீண்டு. இரவு மணி பத்தே முக்கால். 1971 டிசம்பர். யுத்தம் தொடங்கி நான்காம் நாள். அடுப்பில் உப்பு வறுபடுகிறது. என் இடுப்புக்கு ஒத்தடம். மனைவி கனகா தண்ணீரை ஊற்றுகிறாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். அந்த இரவுக்கு இருந்த ஒரே மருந்து போயிற்று.

"குழியில எறங்கு! ஆகாச விமானம் வருதாம்!" தெருவில் ஊர்க்காவல்காரர் கத்துகிறார்.

பட்டு நெய்கிறவன் வீட்டில் தனியாகப் பள்ளம் தோண்ட வேண்டாம். தறிக்குக் கீழே கால் விட்டு மிதிக்கிற தறிக்குழி இருக்கிறது. கனகாவும் இரண்டு பெண்களும் அதில் இறங்கிக் குந்துகிறார்கள். எனக்குக் குந்த வராது. குழிக்கு வெளியே, தறிக்கால் மரத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்கிறேன்.

அந்தக் குழிதான் என் படுக்கை. மூன்று மாதமாக. படுத்தால் இடுப்பிலிருந்து குதிகால்வரை நரம்பு சுண்டி இழுக்கும். பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு உருவுவது போல. அதனால் குழியில் இறங்கி நின்று, நெய்த துணி சுற்றும் மரத்தில் நெஞ்சைச் சாய்ப்பேன். பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டே விடியவிடிய நிற்பேன். அப்படித்தான் கண்ணயர்வது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஐப்பசியிலேயே பார்த்தார்கள். முதுகெலும்பில் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார் டாக்டர். கார்த்திகையில் வா என்று சீட்டு எழுதினார்கள். யுத்தம் தொடங்கிய மறுநாள்தான் அந்தத் தேதி. பஸ்ஸில் உட்கார முடியாமல், கம்பியைப் பிடித்து நின்றபடியே போனேன்.

"படுக்கை இல்லபா. யுத்தம் நடந்துக்கினு இருக்குது. எல்லாம் ஜவானுக்கு," என்றார் குமாஸ்தா. தலையைத் தூக்கவில்லை.

பெஞ்சில் என் பக்கத்தில் தாமல் ஊர் முனுசாமி. வண்டி ஓட்டுகிறவர். அவருக்கும் இதே வலி. "ஏன் சாமி, நம்ம முதுகுல குண்டு உழுந்தா உடனே கட்டில் குடுப்பாங்களா?" என்று உரக்கவே கேட்டார். பெஞ்சே சிரித்தது. குமாஸ்தா சிரிக்கவில்லை.

ஜவான்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்காக நானும் துளசி சாத்தினேன். ஆனால் அன்று ஜவான்களுக்கென்று ஒதுக்கிய வார்டின் கதவு திறந்திருந்தது. ஆறு கட்டில் காலி. நான் எண்ணினேன். இன்றைக்கும் எண்ணுகிறேன்.

இப்போது இருட்டு. சங்கு நிற்கவில்லை. மணி பதினொன்று. இடுப்பில் ஏதோ தெறிக்கிறது. இடது கால் என்னுடையதாக இல்லை. சாய்கிறேன். தறியில் நீளவாக்கில் இழை விரித்திருந்த பாவின் மேல். பட், பட், பட். பட்டு இழைகள் அறுகிற சத்தம். கல்யாணப் புடவைப் பாவு. "ஐயோ, அசையாதீங்க!" கனகா கத்துகிறாள்.

விமானம் ஒன்றும் வரவில்லை. கொசுதான் வந்தது.

என்னைத் தூக்கிப் பாயில் போட்டார்கள். படுத்தேன். வலி இல்லை. துளியும் இல்லை. தூங்கினேன். மூன்று மாதத்தில் படுத்துத் தூங்கிய முதல் தூக்கம்.

விடிந்ததும் அழுதேன். பெருமாள் கண் திறந்துவிட்டார் என்றேன். சூடம் ஏற்றினேன். காலை இழுத்து இழுத்துக் கோயிலுக்குப் போய்ப் பிரகாரத்தைச் சுற்றினேன். கால் மரத்திருந்தது. அதுவும் போய்விடும் என்று நினைத்தேன். "வலி போச்சே, இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கனகாவிடம் நானே சொன்னேன். நானே.

யுத்தம் இரண்டு வாரத்தில் முடிந்தது. தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். என் கால் மட்டும் தறியின் மிதிபலகையைக் கண்டுபிடிக்கவில்லை. ஆணி ஏறி ரத்தம் வந்தது. கனகா சொல்லித்தான் தெரிந்தது. பயந்துபோய் மறுபடி பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அதே குமாஸ்தா. "வலி இல்லன்றே. அப்புறம் இன்னாத்துக்கு வந்தே?"

டாக்டர் ஊசியால் குத்தினார். பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. "நரம்பு செத்துப்போச்சு. வலி இருக்கும்போதே வந்திருக்கணும்," என்றார்.

வந்தேனே! சீட்டோடு வந்தேனே! நின்றுகொண்டே வந்தேனே! வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். என்னை வெளியே பிடித்துத் தள்ளினார்கள்.

படிக்கிறவர்கள் மறக்கக்கூடாது என்று எழுதுகிறேன். எங்கள் ஊரில் குண்டு விழவில்லை. சேதம் இல்லை என்று சொல்வார்கள். என் கணக்கு இது.

தாமல் முனுசாமி. தைக்கு முன்னால் செத்தார். வலி பொறுக்காமல் ராத்திரியில் ஏரியில் இறங்கிவிட்டார். கட்டில் கிடைக்கவேயில்லை.

என் இடது பாதம். ஐந்து விரலும் குதிகாலும் இருக்கின்றன, உணர்வு இல்லை.

பாவில் இருநூற்றுப் பதினான்கு இழை. கனகா ஒன்றொன்றாக முடிந்தாள். மிதித்து நெய்ய எனக்குக் கால் வரவில்லை. தறியைப் பிரித்தோம். குழியை மண் போட்டு மூடினோம்.

கடைசியாக ஒன்று. வலி. இடுப்பிலிருந்து குதிகால்வரை என் காலில் இருந்த வலி. அது உயிரோடு இருந்தவரை காலும் உயிரோடு இருந்தது. பெருமாள் சன்னதியில் இன்று அதைத்தான் திருப்பிக் கேட்கிறேன். இன்னும் தரவில்லை.