ஓடும் புள்ளி

"அந்தப் புள்ளிய ஓடவுடாதன்றாரு மேனேஜரு."

திருவள்ளூர் ரயிலில் என் எதிர் சீட்டில், கழுத்தில் கம்பெனி அட்டையோடு இருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்.

"இன்னா புள்ளிடீ?"

"கம்ப்யூட்டர்ல 'ஆர்'னு ஒரு ப்ரோக்ராம் கீதுல்ல, அதுல நான் போட்ட கிராஃப். மெஷினுக்கு ஒரு புள்ளி. மாசம் நகர நகர, அந்த மெஷின்ல கை அடிபட்டவங்க கூடக் கூட, புள்ளி மேல ஏறும். தொட்டா எந்த ஷிப்ட்ல அடிபட்டாங்கன்னு காட்டும்."

"அதுல அவருக்கு இன்னா பேஜாரு?"

"சேஃப்டி ஆடிட்டுக்கு வர்றவங்க தொட்டுப் பாத்துடுவாங்களாம். அசையாத படமா குடுன்றாரு."

"குடுத்துட்டுப் போயேன். வேலை போயிடப் போவுது."

"போனா போவட்டும். நிறுத்துறேன் சார், எந்த மாசத்துல நிறுத்தணும்னு நீங்களே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்கன்னேன்."

"குடுத்தாரா?"

"எங்க குடுப்பாரு? புள்ளி ஓடிக்கினே கீது."