இல்லாத பிள்ளைக்கு ஆறு கிழமை வேலை

...ஆளே இல்லையாம் பிள்ளை! கேட்டீரே கதையை? மூண்டு நேரமும் என்ர கையால சாப்பிட்டு, கறியில உப்புக் காணாது எண்டு குறையும் சொல்லுற பெட்டை... அவள் இந்த விலாசத்தில இல்லையாம். அரசாங்கம் எழுதியிருக்கு. அதுவும் சீல் குத்தி!

இரும், இரும். இந்த வாங்கு அந்தப் பக்கம் ஆடும், இப்பிடித் தள்ளி இரும். உமக்கு என்ன நம்பர்? பதினெட்டோ? எனக்குப் பதினேழு. இப்பதான் பதினொண்டு உள்ளுக்குப் போயிருக்கு. எங்கட விதானையார், இந்தக் கிராம சேவகர், ஒராளுக்குக் கடுதாசி எழுதி முடிக்கிறதுக்குள்ள தெஹிவளைக்கு நடந்து போட்டு வரலாம். பரவாயில்லை, கதைக்க ஆள் கிடைச்சுது. என்ர பேர் கனகேஸ்வரி. நீரும் வெள்ளவத்தைதானே? ஓம், நினைச்சனான்.

என்ன சொன்னனான்? ஆ, சிவமணி. என்ர மகளின்ர மகள். தாய் தேப்பன் வவுனியாவில, இவள் இங்க கம்பஸில, யூனிவேர்சிற்றியில ரெண்டாம் வருசம், என்னோடதான் இருக்கிறாள். லீவு வந்தால் அரசாங்கம் ஒரு திட்டம் நடத்துது. கம்பஸ் பிள்ளையளை ஆறு கிழமைக்கு, ஒண்டரை மாசம், கந்தோர் வழிய விட்டுப் பொதுச்சேவை பழக்கப் போகினமாம். சும்மா இல்லை, சம்பளத்தோட! நான் கேட்டன், "உள்ளுக்கு இருக்கிறவங்களே இன்னும் பழகேல்லை, உன்னை ஏனடி பழக்கிறாங்கள்?" எண்டு. "அம்மம்மா, உங்களுக்கு எல்லாம் பகிடி" எண்டாள்.

பகிடியோ? என்ர பெரியண்ணர் நாகேந்திரம் முப்பத்திரண்டு வருசம் கந்தோரில இருந்தவர். அவர் எங்க இருந்தவர், அவற்ற கோட்டுத்தான் இருந்தது! காலமை எட்டரைக்குக் கோட்டைக் கழட்டிக் கதிரையில கொழுவுவார். கோட்டு கிடந்தால் ஆள் கந்தோரில எண்டு கணக்கு. ஆள் புறக்கோட்டைச் சந்தையில வெங்காய விலை கேட்டுக்கொண்டு நிப்பார். பென்ஷன் போன அண்டைக்குக் கோட்டுக்குத்தான் மாலை போட்டிருக்க வேணும், மறந்துபோய் அவருக்குப் போட்டுப்போட்டாங்கள். ஒருநாள் பாரும், புது அதிகாரி ஒருத்தர் வந்து கோட்டைப் பாத்துக் குட்மோர்னிங் சொல்லி... ஐயோ, அது பெரிய கதை. பன்னிரண்டைக் கூப்பிடுறாங்கள்.

ஓம், சிவமணி. விண்ணப்பப் போமில ஒரு கேள்வி, "ஏன் பொதுச்சேவையை விரும்புகிறீர்?" எண்டு. "சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம், தேத்தண்ணிக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டு எழுதடி" எண்டன். அவள் என்ன எழுதினவள் தெரியுமே? "என்ர அம்மம்மா சிங்களப் போம் ஒண்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நாலு கவுண்டரில நிண்டவா. கவுண்டருக்கு அங்கால தமிழ் தெரிஞ்ச ஒராள் இருக்க வேணும். அந்த ஆள் நானா இருக்க விருப்பம்" எண்டு! எனக்கு வந்த கோவம்... தலைகீழா இல்லைப் பிள்ளை, கொஞ்சம் சரிவாப் பிடிச்சனான், அவ்வளவுதான்.

ஆனால் பாரும், அதுக்குத்தான் எடுத்தவங்கள். முந்நூறு பேர் போட்டு, பன்னிரண்டு பேர். அதில தமிழ்ப் பிள்ளை எண்டு இவள் ஒராள்தான். ரெண்டு புதுச் சாறிக்கு மடிப்புப் பிடிச்சுப் பழகினவள். கந்தோருக்குப் போக!

பிறகு ஒரு கடுதாசி வந்தது. மண்ணிறக் கவர். பிரிச்சுப் பாத்தா முழுக்கச் சிங்களம். தமிழ்க் கவுண்டருக்கு ஆள் எடுக்கிறதையும் சிங்களத்திலதான் எழுதுறாங்கள், கேட்டீரே! எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? என்ர மனிசன் சிவபாதசுந்தரத்தைச் சிங்களச் சோதினை பாஸ் பண்ணேல்லை எண்டுதான் வேலையால நிப்பாட்டினவை. அண்டைக்கு நான் சபதம் எடுத்தனான், என்ர வீட்டுக்குள்ள ஒரு சிங்கள எழுத்து வராது எண்டு. எழுத்து வந்துகொண்டுதான் இருக்கு, எனக்குத்தான் வாசிக்கத் தெரியாமல் போச்சு. மண்ணிறக் கவரில நல்ல சேதி வந்து நான் கண்டதில்லை. பெட்டை பயந்துபோவாள் எண்டு அரிசி வாளிக்கு அடியில வைச்சிட்டன்.

நேற்று அடுத்த கடுதாசி. அதை அவளே உடைச்சு வாசிச்சுச் சொன்னாள். "வீட்டுக்கு வந்து விசாரித்தோம், அப்படி ஒருவர் இல்லை. வெள்ளிக்கிழமை மூண்டு மணிக்கு முதல் விதானையாரின்ர உறுதிக் கடுதாசி வராட்டில் இடம் அடுத்த ஆளுக்கு." இண்டைக்கு வெள்ளி. மணி என்ன? பன்னிரண்டே முக்காலோ? பெட்டை அங்க கந்தோர் வாசலில நிக்கிறாள். தான் இருக்கிறன் எண்டு தானே வந்து சொன்னாச் செல்லாதாம்! வீட்டுக்காரர் வந்து சொல்ல வேணுமாம். உயிரோட முன்னுக்கு நிக்கிறவளுக்கு உறுதி கேக்கிற நாடு இது.

என்ன? இல்லை எண்டு ஆர் சொன்னதோ?

...பதின்மூண்டைக் கூப்பிட்டவங்களோ? இல்லையோ.

நீர் ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? சரி, உமக்குச் சொன்னால் என்ன. பத்து நாளைக்கு முன்னம் ஒரு சின்னப் பெட்டை வந்து கதவைத் தட்டினாள். கையில பைல். "ஆச்சி, சிவமணி இன்னவாத?" எண்டு சிங்களத்தில, சிவமணி இருக்கிறாளோ எண்டு கேட்டாள். உள்ளுக்கு அவள் தலை முழுகிக்கொண்டு நிக்கிறாள், தண்ணிச் சத்தம் வாசலுக்குக் கேக்குது. நான், "நே", இல்லை எண்டன். எங்க போனவள் எண்டு கேட்டாள். "லண்டன்" எண்டன். அதோட விட்டனானோ? "கலியாணம் முடிச்சு" எண்டும் சொன்னன்!

வேற என்ன பிள்ளை சொல்லுறது? எங்கட வீடுகளில வயசுப் பிள்ளையைக் கேட்டு ஆரும் வந்தால் நீர் என்ன சொல்லுவீர்? மேல்மாடி அருந்ததி, "ஓம், மகன் இருக்கிறான், கூப்பிடுறன், இருந்து தேத்தண்ணி குடியுங்கோ" எண்டு மரியாதையாச் சொன்னவள். தேத்தண்ணியையும் குடிச்சிட்டுத்தான் அந்தப் பொலிஸ்காரர் பெடியனைக் கொண்டுபோனவங்கள். ஒரு சின்ன விசாரணை எண்டு, நாலு மாசம். அதுக்குப் பிறகு எனக்கு வாயில முதல் வாறதே "இல்லை"தான்.

பலீல் கடைக்காரர்தான் பிறகு சொன்னவர், வந்தவளும் போன வருசம் இதே திட்டத்தில பழகி அங்கயே வேலைக்கு நிண்ட கம்பஸ் பெட்டையாம், விலாசம் பாக்க வந்தவளாம். அரிசி வாளிக்கு அடியில கிடக்கிற கடுதாசி அதைத்தான் சொல்லியிருக்கும். நல்லாத்தான் பழகியிருக்கிறாள்! என்ர அறுபத்தெட்டு வயசில, அரசாங்கத்து ஆள் ஒண்டு நான் சொன்னதைச் சொன்னபடி எழுதினது அண்டைக்கு மட்டும்தான்.

சிவமணிக்குத் தெரியாது. அவள் நேற்று முழுக்க அரசாங்கத்தை ஏசினாள். நானும் பக்கத்தில நிண்டு ஏசினனான். அவளைவிடக் கூட ஏசினனான்.

சரி, ஒரு சின்ன உதவி பிள்ளை. இந்தக் கடுதாசிக்கு வெள்ளவத்தையில இருக்கிற ஒராள் சாட்சிக்குச் சைன் வைக்க வேணுமாம். அருந்ததியைக் கேட்டன், கதவே திறக்கேல்லை. உமக்கு ஒண்டும் வராது. பேரும், ஐடென்ரிகாட் நம்பரும், விலாசமும் மட்டும்... ஏன் எழும்புறீர்? டொயிலற்றோ? அது பின்பக்கம். பிள்ளை! உம்மட நம்பர்த் துண்டு விழுந்து கிடக்கு! பிள்ளை, அங்கால டொயிலற் இல்லை, அது காலி வீதி, பெரிய றோட்டு!

...போயிட்டா.

சரி. நானும் போயிருப்பன்.

ஆ, பதினேழோ? அதுக்குள்ள பதினேழோ? இடையில இருந்தவையும் எழும்பிப் போட்டினமோ? வாறன் மாத்தயா, வாறன். ஓ... இந்தப் பொலிஸ் மாத்தயாவும் இங்கதான் இருப்பாரோ? இருக்கட்டும், இருக்கட்டும். நான் ஒண்டும் சொல்லேல்லை.

என்ன மாத்தயா? வீட்டில எத்தினை பேரோ? நான் மட்டும்தான் மாத்தயா, தனி மனிசி... ஐயோ! பொறுங்கோ, எழுதாதேங்கோ! தென்னெக், மாத்தயா. ரெண்டு பேர். நானும்... என்ர பேத்தியும். வீட்டில இருக்கிறாள். இன்னவா மாத்தயா, கெதர இன்னவா.

என்ன? கேக்கேல்லையோ? பேரைச் சத்தமாச் சொல்லட்டாமோ?

சத்தமாத்தான் சொல்லுறன் மாத்தயா. பேர்தான் வாயில வருகுதில்லை.