மூன்று குடும்பம், ஒரு கோட்டை, ஓர் அடுப்பு

கோட்டை மாமா! உங்கள் நாகு மேடை ஏறிவிட்டேன்!

பயப்படாதீர்கள் சபையோரே, என் வீட்டுக்காரர் கார்மேகத்தைத்தான் கூப்பிட்டேன். தீபாவளிக்கு இருந்தார், இந்தப் பொங்கலுக்கு இல்லை. அவரிடம் சொல்லாமல் நான் எதையும் ஆரம்பித்ததில்லை.

தலைமை தாங்கும் தங்கமனசுக்காரர் ரகுநாதன் ஐயா அவர்களே, துபாய் தேராவின் தெருவெல்லாம் திரண்டதுபோல் வந்திருக்கும் பெரியோர்களே, பொங்கல் கிண்டிக் கை சிவந்த தாய்மார்களே, ட்யூட்டி முடித்து யூனிபார்மோடு வந்திருக்கும் தம்பிமார்களே, இந்தப் பள்ளிக்கூடத்து ஆயா நாகவள்ளியின் வணக்கம்!

'கூடி வாழ்தல்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். எட்டாவது தாண்டாத எனக்கு என்ன தெரியும்? ஒரு கோட்டை தெரியும்! ஜெர்மனியிலே, காட்டுக்கு நடுவே, பாறைமேல் நிற்கும் எல்ட்ஸ் கோட்டை! என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் பஸ் ஓட்டியபோது ஒரு ஜெர்மன்காரர் அதன் படத்தைக் கொடுத்துக் கதையும் சொன்னாராம். படம் எங்கள் அடுப்புக்கு மேலே ஏறியது.

யார் கட்டிய கோட்டை? பிரபுக்கள் கட்டிய கோட்டை. யார் வாழ்ந்த கோட்டை? அண்ணன் தம்பி மூவர் பங்கு பிரித்து, மூன்று குடும்பமாக வாழ்ந்த கோட்டை! ஒரு வீட்டுக் கேடயத்தில் தங்கச் சிங்கம், ஒன்றில் வெள்ளிச் சிங்கம், ஒன்றில் எருமைக்கொம்பு. மதிலுக்குள்ளே வாள் உருவக் கூடாது என்று மூன்று வீடும் சத்தியம் செய்துகொண்டதாம்.

எங்கள் ஃபிளாட்டும் அப்படித்தானே? மூன்று அறை, மூன்று குடும்பம், ஒரே அடுப்பு! "நாங்க தங்கச் சிங்கம், பிரபாவதி அக்கா வெள்ளிச் சிங்கம்" என்றார் இவர்.

"அப்ப நான் யாருய்யா?" என்றார் பத்மநாபன் அண்ணன்.

"மிச்சம் இருக்கிறது எருமைக்கொம்புதாண்ணே!"

சிரியுங்கள், சிரியுங்கள். மூன்றாவது வரிசையில் அண்ணனே சிரிக்கிறார்.

அப்போதெல்லாம் சண்டை இல்லை. ஏன் இல்லை? விடியுமுன் எழுந்து மூன்று குடும்பத்துக்கும் இவரே இஞ்சி டீ போட்டார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவது? அவர் போனார், வாள் வந்தது! "காலையில அடுப்பு முதல்ல யாருக்கு?" இதுதான் போர். அண்ணனும் அக்காவும் பேசுவதில்லை. மாதக் கடைசியில் ஆளுக்கொரு பக்கம் போகிறார்களாம். போய்விட்டால் அந்தப் படத்துக்குச் சுவர் ஏது? மூன்று பங்கு வாடகையை ஒருத்தியாகக் கட்ட முடியாத எனக்குத்தான் வீடு ஏது?

அண்ணே, அக்கா, இந்தச் சபை சாட்சியாகக் கேட்கிறேன். வாளை உறையில் போடுங்கள்! நாளையிலிருந்து முதல் டீ என் கையால்!

என்ன அக்கா, எழுந்துவிட்டீர்கள்? "சீனியக் கம்மியா போடு நாகு, அண்ணனுக்கு சுகர் இருக்கு!"

கேட்டீர்களா சபையோரே? பேசாத அக்கா அண்ணனுக்காகப் பேசிவிட்டார்! அண்ணன் என்ன சொல்கிறார்? "சுகரெல்லாம் நார்மல் தாயீ, ரெண்டு ஸ்பூனே போடு!"

கலாஸ்! போர் முடிந்தது! தட்டுங்கள் கையை!

இந்தப் பேச்சைப் பொறுத்துக் கேட்ட எல்லாருக்கும் நன்றி. உங்கள் வீட்டு அடுப்பெல்லாம் பொங்கட்டும்!

கோட்டை மாமா, அந்த டீக்கு இஞ்சி எவ்வளவு தட்டிப் போட்டீங்க?