அமுக்கும் வரை நிற்காது

ப்ளாமென்: மறுபடியும் உறைஞ்சு போச்சு உன் புரோகிராம்.

ஸ்னெஜானா: உறையலைடா. நீ அமுக்கறதுக்காக உக்காந்திருக்கு. சத்தத்தைக் குடுத்துட்டுக் கீபோர்டையே பாத்துக்கிட்டு... நீ அமுக்கினாத்தான் அடுத்த சத்தம். தப்பா எழுதிட்டேன்.

ப்ளாமென்: மரியாதை தெரிஞ்ச புரோகிராம். அப்படியே விட்டுடு அக்கா.

ஸ்னெஜானா: விட்டா? கேக்கலைன்னாலும் எப்பவாவது அமுக்கித்தானே ஆகணும். உடனே "கேட்டுச்சு"ன்னு குறிச்சுக்கும். இதுல இந்த மேஜைக்காலே பாஸாயிடும்.

ப்ளாமென்: மேஜைக்காலுக்கும் எங்க ரயில் டிப்போவுல வேலை உண்டு. பாதிப் பேர் அதுங்கதான்.

ஸ்னெஜானா: சிரிப்பு வரலை. நாளைக்குக் காது சோதனையில டாக்டர் வெக்கப்போற கருவி உனக்காக நிக்காது. காது சரியில்லைன்னு வந்தா சுத்தியலைப் பிடுங்கிடுவாங்க.

ப்ளாமென்: என்ன? திரும்பிக்கிட்டுப் பேசாதே.

ஸ்னெஜானா: சுத்தியலைப் பிடுங்கிடுவாங்கன்னேன்.

ப்ளாமென்: பிடுங்கட்டும் பாக்கலாம். ரயில் சக்கரத்தை ஒரு தட்டு தட்டினாப் போதும் எனக்கு. நல்லது சர்ச் மணி மாதிரி பாடும். விரிசல் விட்டது ஓட்டைச் சட்டி. இந்த ஸ்டேஷன்ல என்னைத் தாண்டி ஒரு ஓட்டைச் சட்டி போனதில்லை.

ஸ்னெஜானா: சரி, கையைத் துடை. பனித்சா பலகாரம் தின்ன எண்ணெயெல்லாம் கீபோர்டுல.

ப்ளாமென்: துடைச்சாச்சு. புதுசா என்ன பண்ணினே?

ஸ்னெஜானா: காத்திருக்கறதை எடுத்துட்டேன். அது பாட்டுக்கு ஓடும். அடுப்புல பாலை வெச்சுட்டு நடுநடுவுல எட்டிப் பாப்போமே... அப்படி. பட்டன் அமுங்கியிருக்கான்னு ஒரு பார்வை. அமுங்கியிருந்தாக் குறிச்சுக்கும். இல்லேன்னா போயிக்கிட்டே இருக்கும்.

ப்ளாமென்: அப்ப நான் படபடன்னு தட்டிக்கிட்டே...

ஸ்னெஜானா: அதைத்தான் முதல்ல பண்ணினே. தட்டினதெல்லாம் வரிசையில நின்னு அடுத்தடுத்த சத்தத்துக்குக் கணக்காச்சு. இப்ப ஒவ்வொரு சத்தத்துக்கு முன்னாடியும் வரிசையைக் காலி பண்ணிடும். இடைவெளியும் ஒரே மாதிரி இருக்காது. தாளம் போட்டுத் தப்பிக்க முடியாது.

ப்ளாமென்: தம்பியைப் பழக்கறியா, திருடனைப் பிடிக்கறியா?

ஸ்னெஜானா: ஹெட்ஃபோனை மாட்டிக்கோ. எதிர்ல உக்காரு. திரை என் பக்கம் இருக்கட்டும். பேசாதே, அமுக்கு மட்டும்.

ப்ளாமென்: ம்... ம்... ... ... ம்... ... ம்.

ஸ்னெஜானா: முடிஞ்சுது. எடு.

ப்ளாமென்: எப்படி?

ஸ்னெஜானா: ஒண்ணுகூட விடலை நீ.

ப்ளாமென்: பாத்தியா? ஐரான் மோர் ஊத்து.

ஸ்னெஜானா: ஊத்தறேன். சத்தம் எப்படி இருந்துச்சு?

ப்ளாமென்: மெல்லிசா. கொசு மாதிரி.

ஸ்னெஜானா: எந்தக் காதுல?

ப்ளாமென்: ரெண்டுலயும்தான்... கடைசி மட்டும் இடது பக்கம். ஏன்?

ஸ்னெஜானா: சத்தத்தைச் சுத்தமா அணைச்சுட்டுத்தான் ஓட விட்டேன்டா.

ப்ளாமென்: ஆனா நான் சரியாத்தானே அமுக்கினேன்?

ஸ்னெஜானா: சத்தம் வரவேண்டிய நேரத்துல திரையில ஒரு புள்ளி மட்டும் வந்துச்சு. அது எனக்குத்தான் தெரியும். நீ என் முகத்தைப் பாத்து அமுக்கினே.

ப்ளாமென்: புருவம். புள்ளி வந்தா உனக்குப் புருவம் ஏறுது. சீட்டாட்டத்துல நீ தோக்கறதும் அதனாலதான்.

ஸ்னெஜானா: பேச்சை மாத்தாதே. எப்பலேர்ந்து?

ப்ளாமென்: போன பனிக்காலத்துலேர்ந்து. மணி, குருவி, விசில்... மெல்லிசானதெல்லாம் முதல்ல போச்சு. மனுஷங்க பேசறதை உதட்டைப் பாத்துச் சமாளிக்கறேன்.

ஸ்னெஜானா: சக்கரத்துக்கு உதடு கிடையாதே.

ப்ளாமென்: தட்டிட்டு உள்ளங்கையை வெப்பேன். அதிர்வு நின்னு நிதானமா அடங்கினா நல்லது. சட்டுனு செத்தா...

ஸ்னெஜானா: எப்பவும் சரியாத் தெரியுமா?

ப்ளாமென்: தெரியும்... பெரும்பாலும்.

ஸ்னெஜானா: பெரும்பாலும்.

ப்ளாமென்: அப்படிப் பாக்காதே அக்கா.

ஸ்னெஜானா: பாப்பேன். நாளைக்கு டாக்டர்கிட்ட நீயே சொல்லணும். நீ சொல்லலைன்னா நான் வந்து சொல்வேன். திட்டு, பேசாம இரு, என்ன வேணா பண்ணு. சொல்லாம விடமாட்டேன்.

ப்ளாமென்: நாளைக்கு இல்லை. இப்பவே ஃபோனை எடு. சாயங்காலம் வர்ணாவுக்குக் கிளம்பற வண்டி இன்னும் யார்டுலதான் நிக்குது. மூணாவது பெட்டி, முன்சக்கரம்... காலையில என் கைக்குச் சந்தேகமா இருந்துச்சு. சரியா இருக்குன்னு சொல்லி விட்டுட்டேன். டிப்போவுக்கு நீயே பேசு அக்கா, அவங்க சொல்றது எனக்குக் கேக்காது.