மேசைமேல் வைத்த மஞ்சள் ஹெல்மெட்

என் கடையில் எதையும் தலையில் போட்டுப் பார்க்க விடமாட்டேன். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அபுதாபி முசஃபாவில் எங்கள் கடை வரிசையில் தொப்பியும் ஹெல்மெட்டும் விற்கிற பெண் நான் ஒருத்திதான். ஷியாமளா அக்கா கடை என்றால் பக்கத்து லேபர் கேம்ப்பில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். நான் சொல்வதை அதிகாரிக்கு அரபியில் அப்படியே சொல்லுங்கள், தம்பி. எதையும் மறைக்கப்போவதில்லை.

வெயிலில் வேலை செய்கிறவன் தலை எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியாது. எண்ணெயும் உப்பும் பொடுகும் சேர்ந்து புளித்த வாடை. காலாவதியாகி சைட்டில் கழித்துப்போடுகிற ஹெல்மெட்டுகளை மொத்தமாக வாங்குவேன். மூட்டையை அவிழ்த்தாலே குமட்டும். உள்பட்டையில் எவனுடைய முடியோ ஒட்டிக்கிடக்கும். கடைப் பையன் அப்துல் ஹாதி பின்பக்கம் உட்கார்ந்து அவற்றைப் பெயிண்ட் தின்னரால் துடைத்து, உள்ளே இருக்கும் தேதியைச் சுரண்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்துப் புதுப் பட்டை மாட்டுவான். அப்புறம் வாடையே இருக்காது. அதில் எனக்குப் பெரிய நிம்மதி.

"தின்னரு பட்டா பிளாஸ்டிக்கு செத்துரும்க்கா. அப்பளமா நொறுங்குது பாருங்க" என்று ஹாதி ஒன்றைத் தட்டியே காட்டினான்.

"நாறாம இருக்குல்ல, அது போதும்" என்றேன்.

மணிமாறன் சிவகங்கைப் பக்கத்து ஆள். சாரம் கட்டுகிற வேலை. கம்பெனி கொடுத்த ஹெல்மெட்டைத் தொலைத்துவிட்டான். அது இல்லாமல் சைட் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் என்னிடம் ஒன்று வாங்கிப் போனான். சில நாள் கழித்து, டியூட்டி முடிந்த கையோடு வந்து நின்றான்.

"அக்கா, உச்சில விரிசல் விட்டிருக்கு. மாத்திக் குடுங்க. நாளைக்கு சாரம் பிரிக்கிறாங்க, நான் கீழ நிக்கணும்."

"அது பெயிண்ட் கோடு. எடுத்துட்டுப் போ."

"கோடு இல்லக்கா, நகம் உள்ள போகுது."

நான் வாசலைக் கைகாட்டினேன். அவன் தகராறு செய்யவில்லை. நல்ல பிள்ளை, எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மேலிருந்து சாரத்தைப் பூட்டுகிற இரும்புக் கிளாம்ப் ஒன்று நழுவி அவன் தலையில் விழுந்திருக்கிறது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டதாம். போட்டோவைக் காட்ட வேண்டாம், என்னால் அந்த மாதிரியெல்லாம் பார்க்க முடியாது.

அதிகாரி இதைப் பேராசை என்கிறார். அது ஒன்றுதான் எனக்கு வருத்தம். நல்ல புது ஹெல்மெட் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியிலேயே இருந்தது. சும்மாவே கொடுத்திருப்பேன். விரிசல் என்று எனக்குத் தெரியும். அவன் கீழே நிற்கப்போகிறான் என்பதும் தெரியும். ஆனால் தம்பி, பழையதை அவன் என் மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டான். பட்டையெல்லாம் வியர்வை, மேசைக் கண்ணாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஹாதி அன்றைக்கு லீவு. மாற்றிக் கொடுத்தால் அதை நான்தானே கையால் எடுத்தாக வேண்டும்.

அதை எப்படித் தொடுவது, நீங்களே சொல்லுங்கள்.